பட்டமும் கடனும்

(கழக வெள்ளி விழாக் கல்வி அரங்கில் ஆற்றிய உரை)

 

“கல்லூரிப் பட்டம், அதற்காகும் செலவுக்கும் வாங்கும் கடனுக்கும் தகுமா?” என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். பட்டிமண்டபமாக இருந்தால் ஏதேனும் ஓர் அணியில் நின்று முழங்கிவிட்டு இறங்கிவிடலாம். என்னைத் தனியே நிறுத்திவிட்டபடியால் இரு பக்கத்திற்கும் நானே பொறுப்பாளி ஆகின்றேன்.

நான் 1988-ஆம் ஆண்டு குடந்தை அரசு கலைக் கல்லூரியில் இளங்கலை வரலாறு பயிலச் சேர்ந்தேன். 1854-இல் தோன்றிய பழம்பெருங் கல்லூரி அது. காவிரிக் கரையில் அதன் மரநிழலில் நின்றபோது, நம் தெருவிலிருந்து அவ்வாயிலில் நுழைந்த முதல் ஆள் நானே என்ற எண்ணத்தால் சில நாள் தரையில் கால் பாவவில்லை. ஆதிதிராவிடர் நல விடுதியில் உணவும் உறையுளும் கிடைத்தன. உதவித்தொகையும் வந்தது, ஆண்டு முடிந்த பிறகு வந்தது. “காசு செலவில்லாமல் படித்தவன்” என்று என்னைப் பற்றி இன்றும் ஊரில் சொல்வதுண்டு. அது மெய்யன்று. எனக்கு மூத்தவரான என் அக்காள் எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டார். நடவுக்கும் களையெடுப்புக்கும் அவர் சென்றமையால்தான் என் பேருந்துக் கட்டணமும் தேர்வுக் கட்டணமும் கட்டப்பட்டன. என்னைவிட நன்றாகக் கணக்குப் போடுவார். இன்று இவ்வரங்கில் இரண்டாம் வரிசையில் இருக்கிறார். இதை நான் மேடையில் சொல்வது அவருக்குப் பிடிக்காது. எனினும் செலவு என்று பேசப் புகுந்தபின், ஒரு வீட்டில் ஒருவர் பெற்ற பட்டத்திற்கு வேறு யார் விலை கொடுத்தார் என்பதை மறைத்துவிட்டுப் பேசுதல் முறையாகாது.

கடன் என்னும் சொல் எல்லாத் தெருவிலும் ஒரே பொருளைத் தருவதில்லை. வணிகர்க்குக் கடன் என்பது முதல். நமக்கோ அது கயிறாக இருந்தது. இத்தஞ்சைத் தரணியில் பண்ணையாள் முறை எவ்வாறு வேரூன்றிற்று? மகன் திருமணத்திற்கென்று தந்தை பண்ணையில் சில கலம் நெல்லும் சிறிது பணமும் பெறுவார். அது தீரும்வரை அவர் அப்பண்ணையை விட்டு அகலலாகாது. தீராமலே அவர் கண்மூடினால், யாருக்குத் திருமணம் நடந்ததோ அவனே அக்கடனுக்கு ஆளாவான். சாணிப்பாலும் சவுக்கடியும் 1940-களில் விவசாயிகள் சங்கம் எழுந்த பிறகே அடங்கின. 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் பின்னரும் கூலி நெல் கேட்டுப் போராடிய ஊரில் 1968 டிசம்பர் 25 இரவு 44 உயிர்கள் கீழவெண்மணியில் தீக்கிரையாயின. கொத்தடிமைக் கடன்கள் செல்லா என்று சட்டம் சொன்னது 1976-இல்தான். ஆகவே, “வங்கியில் கடன் கொடுக்கிறார்கள், கையொப்பம் இடுங்கள்” என்று சொல்லும்போது நம் முதியவர் ஒருவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டால் அது அறியாமை அன்று. அவர் கண்ட வரலாறு அது.

அதனை அறியாமை என்று கருதியவன் நான். அதன் பயனை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

2008-ஆம் ஆண்டு, நான் பட்டதாரி ஆசிரியராக இருந்த பள்ளியில், நம் பிள்ளை ஒருவன் மேல்நிலைத் தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றான். தஞ்சை மன்னர் சரபோஜி கல்லூரியில் கணிதம் சேர்வதற்கு இடம் இருந்தது. நான் அவன் தந்தையிடம் சென்று, “பொறியியலில் சேருங்கள், நான்கே ஆண்டு, வேலை வந்துவிடும், கடனை அவனே கட்டிவிடுவான்” என்றேன். அவர் தயங்கினார். நான் வற்புறுத்தினேன். 1984-இல் தனியார்க்குத் திறந்துவிடப்பட்ட பொறியியற் கல்வி அப்போது ஊருக்கு ஊர் முளைத்துக்கொண்டிருந்த காலம். விளம்பரங்களைப் பார்த்து மயங்கியவர்களுள் ஆசிரியனாகிய நானும் ஒருவன். ஒரு தனியார் கல்லூரியில் சேர்ந்தான். வங்கிக் கடன் இரண்டு இலட்சத்து நாற்பதாயிரம். தமிழ்வழியில் படித்தவனுக்கு முதற் பருவத்திலேயே ஆங்கிலக் கணிதப் பாடம் விளங்கவில்லை. கேட்க நாணினான். 2012-இல் படிப்பு முடிந்தபோது நான்கு தாள் தேர்ச்சியின்றி நின்றன. அரியர் என்று மாணவர் சொல்லும் அந்நான்கும் பிறகு எழுதப்படவே இல்லை. பட்டம் வரவில்லை, கடன் வந்தது. படிப்பு முடிந்ததா என்று கடன் கேட்பதில்லை. திருப்பூரில் பனியன் நிறுவனமொன்றில் வேலைக்குச் சென்றான். 2017-இல் வங்கிக் கணக்கில் நாலரை இலட்சத்துக்கு மேல் நின்றது. தந்தை தமக்கிருந்த ஒரே ஒரு மா நிலத்தை விற்றுச் சமரசம் செய்துகொண்டார். அந்நிலம் அவர் தந்தையார் கூலி மிச்சம் பிடித்து வாங்கியது. அவர் இதுவரை என்னை ஒரு சொல் கடிந்துகொண்டதில்லை. எதிரே வந்தால் துண்டைத் தோளிலிருந்து எடுத்துவிட்டு ஒதுங்கிப் போகிறார். அதைவிட அவர் என்னை ஏசியிருக்கலாம்.

இன்றைய கணக்கைப் பார்ப்போம். நான்கு இலட்சம் வரை பிணையச் சொத்து இன்றி வங்கிகள் கல்விக் கடன் தரலாம். ஆண்டுக்கு ஓர் இலட்சமாக நான்காண்டு வாங்குவதாகவும், வட்டி பத்தரை விழுக்காடு என்றும் கொள்வோம். படிப்பும் அதன்பின் ஓராண்டும் கழியும்போது தனிவட்டியிலேயே ஏறத்தாழ ஐந்து இலட்சத்து நாற்பத்தேழாயிரம் ஆகிவிடும். அதைப் பத்தாண்டில் அடைக்க மாதம் சுமார் 7,400 ரூபாய் வேண்டும். முதல் வேலையில் பதினைந்தாயிரம் பெறும் பிள்ளை சென்னையில் வாடகை கொடுத்து, உண்டு, இதனையும் கட்ட வேண்டும். 2025-26-ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டில் நூறுநாள் வேலைக்கு நிர்ணயித்த நாட்கூலி 336 ரூபாய். வட்டியை விடுத்து அசல் நான்கு இலட்சத்தை மட்டும் ஒரு தாய் அக்கூலியிலிருந்து கட்டுவதாயின், நூறு நாளும் முழுமையாகக் கிடைத்து, ஒரு காசும் உண்ணாமல், பன்னிரண்டு ஆண்டு உழைக்க வேண்டும். குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகளின் தொழிற்கல்விக் கடனுக்குப் படிப்புக்கால வட்டியை மைய அரசே ஏற்கும் ஏற்பாடு 2009 முதல் வந்துள்ளது. அதைக் கேட்டுப் பெற்றால் மேற்சொன்ன தவணை ஐயாயிரத்து நானூறு அளவுக்குக் குறையும். கேளாதவர்க்குக் குறையாது.

அப்படியாயின் பட்டமே வேண்டா என்கிறாயா என்று கேட்பீர்கள். இல்லை. “படிக்காவிட்டால் வயல் இருக்கிறது” என்று சொல்லும் காலம் போய்விட்டது. அறுவடை இயந்திரம் இறங்கிய வயலில் அரிவாளுக்கு வேலை இல்லை. பத்து நாள் அறுப்பு ஒரு பிற்பகலில் முடிந்துவிடுகிறது. மேட்டூர் திறக்காத ஆண்டில் குறுவையும் இல்லை. பட்டம் பெற்றவர்க்கெல்லாம் வேலை காத்திருக்கிறது என்றும் நான் சொல்ல மாட்டேன். 2024-இல் தொகுதி நான்கு தேர்வுக்கு அறிவிக்கப்பட்ட இடங்கள் 6,244. விண்ணப்பித்தோர் சுமார் 20 இலட்சம். பத்தாம் வகுப்பே போதுமான அத்தேர்வுக்குப் பட்டதாரிகள் வரிசையில் நிற்கின்றனர். ஆயினும், அலுவலகத்தில் அமர்ந்து விண்ணப்பத்தை வாசித்து, “இவ்விதிப்படி எனக்கு உரியது இது” என்று நின்று பேசும் ஒருவர் வீட்டில் இருப்பதற்கும் இல்லாதிருப்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் கடந்த இருபத்தைந்து ஆண்டில் நம் தெரு கண்டிருக்கிறது. நான் அஞ்சுவது பட்டத்தை அன்று; தவறான இடத்தில், தவறான கடனுக்குப் பெறும் பட்டத்தையே அஞ்சுகின்றேன்.

கடனின்றிப் படிக்கும் இடங்கள் முன்னைவிட இன்று மிகுதி. மெட்ரிக் பிந்தைய உதவித்தொகை 1944-இல், அண்ணல் அம்பேத்கர் வைசிராய் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்த காலத்தில் தோன்றியது. இன்றும் நம் பிள்ளைகளின் பெருந்துணை அதுவே. 2021-இல் இயற்றிய சட்டத்தின்படி அரசுப் பள்ளி மாணவர்க்குப் பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலியவற்றில் 7.5 விழுக்காடு இடம் உண்டு. அவ்வாறு சேர்வோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்பதாக அவ்வாண்டு அறிவித்தது. அந்தப் பையன் காலத்தில் இது இல்லை. ஆனால், தரகர் சொல் கேட்டு நிர்வாக ஒதுக்கீட்டில் பணம் கட்டிச் சேர்ந்தால் உதவித்தொகை கிடையாது. இவ்வொரு செய்தி தெரியாமல் தாலிக்கொடியை அடகு வைத்தவர்களை நான் அறிவேன். கையொப்பமிடுமுன் என்னிடமோ, நம் கழகத்திலோ ஒரு முறை காட்டிவிட்டுச் செல்லுங்கள்.

இனி நான் சொல்ல வந்ததன் உள்ளீடு. கட்டணம் இல்லை, விடுதி உண்டு, உதவித்தொகை உண்டு என்ற பிறகும் நம் வீடுகளில் கல்லூரிக்காகக் கடன் ஏன் விழுகிறது? கல்லூரி ஆனியில் தொடங்குகிறது. சம்பா அறுத்து நம் கையில் காசு சேர்வது தையிலும் மாசியிலும். ஆனி, ஆடியில் பானையே காலி. சேர்க்கைக்குச் சில்லறைக் கட்டணம், இரண்டு செட் துணி, புத்தகம், பேருந்து, விடுதி திறக்கும்வரை வெளிச் சாப்பாடு எல்லாம் சேர்த்துப் பதினைந்தாயிரம் அளவில் அந்த மாதத்திலேயே வேண்டும். உதவித்தொகையோ எப்போது வருமோ அப்போதுதான் வரும். இந்த இடைவெளியில்தான் குழுக்கடன் நுழைகிறது. தாயின் பெயரில் வாரத் தவணை. ஒரு வாரம் தவறினால் குழுவில் உள்ள மற்றப் பெண்களே வாசலில் வந்து நிற்பார்கள். முதற் பருவத்தில் படிப்பை விட்டு நின்ற நம் பிள்ளைகளைப் பற்றி விசாரித்தபோது, பெரிய கட்டணத்தால் நின்றவர் சிலரே. இந்த வாரத் தவணைக்கு அஞ்சிக் கட்டட வேலைக்குப் போனவர்களே பலர்.

அண்ணலின் வாழ்க்கையிலும் இவ்விரு வகைக் கடனும் உண்டு. 1913-இல் பரோடா மன்னரின் உதவியோடு அமெரிக்கா சென்றபோது, திரும்பிவந்து பத்தாண்டு அச்சமஸ்தானத்தில் பணியாற்றுவதாக ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தார். 1917-இல் பணிக்குச் சென்றார். தங்குவதற்கு ஓர் அறைகூட அந்நகரில் அவருக்கு மறுக்கப்பட்டது, விட்டு வெளியேறினார். பின்பு பம்பாயில் பேராசிரியராக இருந்து சேமித்த பணத்தோடு, கோலாப்பூர் மன்னரின் உதவியும், நவல் பதேனா என்னும் பார்சி நண்பர் கொடுத்த ஐயாயிரம் ரூபாய்க் கடனும் சேர்ந்தன. 1920-இல் இலண்டன் சென்று விட்ட படிப்பை முடித்தார். ஆகையால் கடனே வாங்காதீர் என்று அவர் பெயரால் எவரும் சொல்லவியலாது. கொடுத்தவர் யார், எந்த நிபந்தனையில் கொடுத்தார் என்பதே கேள்வி.

இனி நான் பேசுவது செயற்குழுவில் சிலருக்கு வருத்தம் தரலாம். வெள்ளி விழா நினைவாகக் கழக வாயிலில் ஐந்து இலட்சம் ரூபாயில் வளைவு எழுப்புவதென்று தீர்மானம் உள்ளது. செயற்குழுவில் நான் எதிர்த்தேன். எனக்குத் துணையாக ஒரு கையும் உயரவில்லை. ஊரார் முன்னிலையில் மீண்டும் கேட்கிறேன். அந்த ஐந்து இலட்சத்தை முன்பணமாக வைத்தால் ஆனி மாதத்தில் முப்பத்துமூன்று பிள்ளைகளுக்குப் பதினைந்தாயிரம் வீதம் கொடுக்கலாம். வட்டி வேண்டா. உதவித்தொகை வரும்போதோ தை அறுவடையிலோ திருப்பித் தரட்டும். அடுத்த ஆனிக்கு அதே பணம் வேறு பிள்ளைகளுக்குச் செல்லும். பெண்பிள்ளைகளுக்கு முதலில் கொடுக்க வேண்டும். காரணத்தை என் அக்காளிடம் கேளுங்கள். வாங்கியவர் பெயரைப் பலகையில் எழுதக் கூடாது. தராதவர் வீட்டு வாசலில் எவரும் சென்று நிற்கக் கூடாது. சில தொகை திரும்பாமற் போகலாம். வளைவுக்குப் போட்ட பணமும் திரும்பப் போவதில்லை. என் பங்காக ஒரு மாத ஊதியத்தை இதோ செயலாளரிடம் ஒப்படைக்கிறேன்.

ஒரு மா நிலத்தை விற்ற அத்தந்தையின் மகள் வயிற்றுப் பேத்தி இவ்வாண்டு என் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள். தஞ்சை குந்தவை நாச்சியார் மகளிர் கல்லூரியில் வேதியியல் படிக்க விரும்புகிறாள். “நம் வீட்டில் ஒருமுறை பட்டது போதும்” என்று தாத்தா மறுத்துவிட்டாராம். விழாவுக்கு அழைக்கச் சென்றபோது அவர் வீட்டில் இல்லை; அல்லது இல்லை என்று சொல்லச் சொன்னார். நாளைக் காலை மீண்டும் போகிறேன். அவரிடம் சொல்வதற்கு இம்முறை என் கையில் ஏதேனும் இருத்தல் வேண்டும். செயற்குழு இன்று மாலை ஆறு மணிக்குக் கூடுகிறது.