வெள்ளகவி வழியே ஒரு பயணம்

(பொன்விழாவையொட்டி நம் பங்கு இளைஞர் மன்றக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



ஆலயத்திற்கு வர்ணம் பூசுவது, தேரைப் புதுப்பிப்பது, அன்னதானம் ஆகியவற்றைப் பற்றிப் போன வாரமே பேசி முடித்துவிட்டோம். இளைஞர் மன்றத்தார் மட்டும் வேறொரு விண்ணப்பத்துடன் வந்தார்கள். 2030-ஆம் ஆண்டில் கொடைக்கானலில் குறிஞ்சி பூக்கும். அப்போது நாம் மலைக்குச் சென்று, வெள்ளகவி வழியாகக் கால்நடையாகவே கும்பக்கரைக்கு இறங்க வேண்டும். அதற்குச் சுவாமி இப்பொழுதே வாக்குக் கொடுக்க வேண்டும் என்றார்கள். அதற்குமுன் ஒரு பழைய கடனைப் பற்றி உங்களிடம் சொல்லியாக வேண்டும்.

கொடைக்கானல் என்றதும் ஏரியும் படகும் சாக்லெட்டும் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அந்த ஊருக்கு மூத்த ஊர் வெள்ளகவி. 1821-இல் நில அளவைக்கு வந்த வார்டு என்ற ஆங்கிலேய அதிகாரி வெள்ளகவியில் தங்கி, அங்கிருந்துதான் மேலே ஏறிப்போய்க் கொடைக்கானலைப் பார்த்தார். 1845-இல் மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனரிமார் முதல் பங்களாக்களைக் கட்டினார்கள். நம்முடைய சலேத் மாதா ஆலயம் 1866-இல் எழும்பியது. அதை எழுப்பியவர் பிரெஞ்சு நாட்டு இயேசு சபைக் குரு சேன் சீர். செண்பகனூரில் இயேசு சபையாரின் கல்லூரி 1895-இல் தொடங்கியது. அந்நாட்களில் மலைக்கு மோட்டார் பாதை கிடையாது. அடிவாரத்திலிருந்து துரைமார் குதிரையிலும், துரைசாணிகள் நாற்காலியிலும் போனார்கள். நாற்காலியைச் சுமந்தது கூலியாட்களின் தோள். குருமட மாணவனாக நான் செண்பகனூர் காட்சிச் சாலையைப் பார்த்தபோது பாம்புகளையும் வண்ணத்துப்பூச்சிகளையும்தான் வியந்து நின்றேன். அந்தக் கண்ணாடிப் பெட்டிகள் யார் தோளில் மேலே வந்தன என்று கேட்கத் தோன்றவில்லை.

2006-ஆம் ஆண்டும் குறிஞ்சி ஆண்டு. நான் அப்போது வேறொரு பங்கில் துணைக்குரு. இருபத்திரண்டு வாலிபர்களைக் கூட்டிக்கொண்டு செப்டம்பர் மாதத்தில் போனேன். முதல் நாள் சரிவுகளில் நீலப் பூக்களைப் பார்த்தோம். மறுநாள் விடியற்காலைத் திருப்பலி முடித்து, வட்டக்கானல் வரை நடந்தோம். அங்கே டீக்கடைக்காரர், "ராத்திரி மழை பெஞ்சிருக்கு சாமி, பாறை வழுக்கும். வெள்ளகவி ஆள் ஒருத்தரைக் கூட்டிக்கிட்டுப் போங்க" என்றார். கூலி முந்நூறு ரூபாய் கேட்பார்களாம். பாதை தெரிகிறதே, எதற்கு வீண் செலவு என்றேன் நான். முந்நூறு ரூபாய் மிச்சம்!

டால்பின் நோஸ் பாறையைத் தாண்டியதும் ஆரவாரம் அடங்கிவிடுகிறது. சோலைக்குள் மரவேர்களே படிகள். கொடைக்கானல் ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரம். அங்கிருந்து கும்பக்கரைக்கு 1,500 மீட்டருக்கும் மேலான இறக்கம். ஏறுவதுதான் கஷ்டம் என்று எண்ணாதீர்கள். ஏற்றம் மூச்சை வாங்கும், இறக்கம் முழங்காலை வாங்கும். வழியில் எதிரே காப்பிக்கொட்டை மூட்டைகளோடு குதிரைகள் ஏறி வந்தன. பின்னால் வந்தவர்களுக்குக் காலில் செருப்பில்லை.

காரணம் வெள்ளகவி எல்லையில் தெரிந்தது. ஊருக்குள் யாரும் செருப்பணிவதில்லை. திரும்பிய பக்கமெல்லாம் கோயில். ஊரே அவர்களுக்குக் கோயில். எங்களையும் கழற்றச் சொன்னார்கள். பையன்களில் சிலர் முணுமுணுத்தார்கள். எரியும் முட்புதர் முன் மோசே மிதியடிகளைக் கழற்றியதைப் பற்றி எத்தனையோ முறை பிரசங்கம் செய்திருக்கிறேன். நானே கழற்றிக் கையில் பிடித்து நடந்தது அன்றுதான். ஒரு வீட்டில் வரக்காப்பி கொடுத்தார்கள். கண்ணுக்கு எட்டிய மட்டும் மலை, கீழே வைகைச் சமவெளி. என்ன அழகு என்றேன். காப்பி கொடுத்த அம்மாள், "பிரசவ வலின்னா இந்த அழகுலதான் சாமி தூக்கிட்டுப் போகணும்" என்றார். எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார்.

ஊரைவிட்டு அரைமணி நேரம் இறங்கியிருப்போம். பதினேழு வயதுப் பையன் ஒருவன் ஈரப்பாறையில் சறுக்கி விழுந்தான். கணுக்கால் முறிந்துவிட்டது. இரண்டு பேரைத் திரும்ப ஊருக்கு ஓட்டினேன். ஆறு பேர் வந்தார்கள். அந்த அம்மாளின் கம்பளியை ஒரு கம்பில் கட்டி டோலியாக்கி, நால்வர் மாறி இருவராகச் சுமந்து, வெறுங்காலுடன் இறங்கினார்கள். வளைவுகளில் கம்பு திரும்பாது. அப்போதெல்லாம் பையனைக் கையில் ஏந்திக் கொண்டார்கள். கும்பக்கரையை அடைந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. ஜீப் பிடித்துப் பெரியகுளம் மருத்துவமனைக்கு விரைந்தேன். பணம் கொடுக்கப் போனேன். டீ குடித்தார்கள், பணம் வேண்டாமென்றார்கள். அந்த ஆறு பேரும் அந்த இருட்டில் எப்படி ஊர் திரும்புவார்கள் என்று நான் கேட்கவில்லை. படுக்கையில் சாயும்போதுதான் நினைவு வந்தது. அந்த இரவை நான் மறக்கவில்லை.

கம்பளியும் ஆஸ்பத்திரியிலேயே எங்களிடம் தங்கிவிட்டது. ஜனவரியில்தான் கொண்டுபோய்க் கொடுக்க முடிந்தது. மலையில் டிசம்பர்க் குளிர் என்னவென்று உங்களுக்குத் தெரியும். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுக்குமுன் அந்த அம்மாள், "பையன் நடக்கிறானா சாமி?" என்று கேட்டார். நடக்கிறான் என்றேன். கம்பளியை வாங்கி உதறி வெயிலில் போட்டார். அன்றிரவு ஒரே ஒரு டார்ச் விளக்கோடு நள்ளிரவுக்குமேல் வந்து சேர்ந்தார்கள் என்பதையும் அவரே சொன்னார்.

பிறகு 2018 மார்ச் 11-ஆம் தேதி குரங்கணி மலையில் காட்டுத் தீ. நடைப்பயணம் போன இளம் பிள்ளைகள் இருபது பேருக்குமேல் மாண்டார்கள். அதே தேனி மாவட்டம். செய்தியைக் கேட்டபோது என் இருபத்திரண்டு பேரின் முகங்களும் கண்முன் வந்தன.

எனவே என் வாக்கு இவ்வளவே. வனத்துறையின் எழுத்து மூலமான அனுமதி கையில் இல்லாமல் ஓர் அடி வைக்கமாட்டோம். வெள்ளகவி ஆட்கள் இருவர் உடன் வருவார்கள். அவர்கள் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுப்போம். மழை பெய்தால் பஸ்ஸில் திரும்புவோம், யாரும் முகம் சுளிக்கக்கூடாது. பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றுகூட மலையில் தங்கக்கூடாது. பொருளாளர் இந்த மாதமே பயண நிதிக்குத் தனி நோட்டுப் போடட்டும். செலவுப் பக்கத்தில் வழிகாட்டிகளின் கூலியை முதல் வரியில் எழுதட்டும். ஆறு கம்பளிகளுக்கும் சேர்த்து எழுதட்டும். கால் முறிந்த அந்தப் பையன் இன்று திருப்பூரில் இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். விஷயம் கேள்விப்பட்டுத் தானும் வருவதாகச் சொல்லியிருக்கிறான். அவனுக்கும் ஓர் இடம் ஒதுக்கி வையுங்கள்.