பிகார் நிலநடுக்கமும் கவிஞரின் மறுப்பும்



நிலம் ஏன் நடுங்கிற்று, கடல் ஏன் பொங்கிற்று என்பதற்கு அறிவியலார் விடை காணுமுன்னரே நூறு விடைகள் ஊரெங்கும் உலவத் தொடங்கிவிடுகின்றன. கைப்பேசி வந்தபின் இப்பழக்கம் மிகுந்தது உண்மை. ஆனால் அது கைப்பேசியோடு பிறந்ததன்று. நாளிதழும் தந்தியும் செய்தி பரப்பிய 1934ஆம் ஆண்டில், ஒரு நிலநடுக்கத்தின் காரணம் குறித்து இந்நாட்டின் இரு பெருமக்களிடையே கருத்துப்போர் ஒன்று நிகழ்ந்தது. ஒருவர் காந்தியடிகள், மற்றவர் இரவீந்திரநாத தாகூர். அப்போரின் முதற்சொல் தமிழ் மண்ணில், திருநெல்வேலியில் பேசப்பட்டது. எனினும் தமிழ் இலக்கிய மேடைகளில் அது மிகுதியும் எடுத்துரைக்கப்படவில்லை.

1934 சனவரி 15ஆம் நாள் பிற்பகல் இரண்டேகால் மணி அளவில் வட பிகாரும் நேபாளமும் குலுங்கின. நிலநடுக்கத்தின் அளவு ஏறத்தாழ 8. முங்கேர் நகரின் கடைத்தெருக்கள் செங்கற் குவியல்களாயின. வயல்களில் நிலம் பிளந்து மணலும் நீரும் பீறிட்டன. கிணறுகள் மணலால் தூர்ந்தன. காத்மாண்டுப் பள்ளத்தாக்கில் பக்தபூர், பாட்டன் நகரங்களின் கோயில்களும் வீடுகளும் சரிந்தன. பிகாரில் ஏழாயிரத்திற்கும் மேற்பட்டோரும் நேபாளத்தில் எட்டாயிரத்திற்கும் மேற்பட்டோரும் மாண்டனர். குளிர்காலப் பகற்பொழுதாதலின் பலர் வீட்டிற்கு வெளியே இருந்தனர். நள்ளிரவில் நேர்ந்திருப்பின் எண்ணிக்கை பன்மடங்காகியிருக்கும்.

அப்போது காந்தியடிகள் தீண்டாமை ஒழிப்புக்கென 1933 நவம்பரில் தொடங்கிய நாடு தழுவிய பயணத்தில் இருந்தார். சனவரி 24ஆம் நாள், அதாவது நிலம் நடுங்கிய ஒன்பதாம் நாள், திருநெல்வேலிப் பொதுக்கூட்டத்தில் பிகார் மக்களுக்கு உதவ வேண்டினார். அத்துடன், தம்மை மூடநம்பிக்கையாளர் என்று அழைத்தாலும் கவலையில்லை என்ற முன்னுரையோடு, இப்பேரிடர் மக்கள் செய்த பாவங்களுக்கு இறைவன் தந்த தண்டனை என்றே தாம் நம்புவதாகவும், பிகாரின் துயருக்கும் தீண்டாமைக்கும் உயிருள்ள தொடர்பு உண்டு என்றும் கூறினார்.

நாளிதழ்கள் வழியே அச்செய்தி சாந்திநிகேதனை எட்டியது. அப்போது தாகூருக்கு அகவை 72. தீண்டாமை ஒழிப்பில் அவர் காந்தியடிகளின் எதிரணியினர் அல்லர் என்பதை இங்கு மனத்திற்கொள்ளல் வேண்டும். 1932இல் எரவாடா சிறையில் காந்தியடிகள் உண்ணாநோன்பை முடித்தபோது அருகில் இருந்தவர் அவர். நோக்கத்தில் உடன்பட்டவர், அன்பில் கட்டுண்டவர், நாடே காந்தியடிகளைப் போற்றிய காலத்தில் வாழ்ந்தவர். வாளாவிருப்பதற்கு அவருக்கு எல்லாக் காரணங்களும் இருந்தன. சனவரி 28ஆம் நாள் அவர் மறுப்பு எழுதிக் காந்தியடிகளுக்கே அனுப்பினார். நாளிதழ்களில் படித்த சொற்களை அவர் உண்மையிலேயே கூறியிருந்தால் இம்மறுப்பை வெளியிடலாம் என்பது உடன் சென்ற மடலின் கருத்து. இந்த முறைமையைக் கவிஞர் பெருமக்கள் கருதிப் பார்த்தல் நன்று. முதலில் உண்மையா என வினவினார், பின்னரே எதிர்த்தார்.

மறுப்பின் சாரம் இது. பருப்பொருள் உலகின் அழிவுகளுக்குப் பருப்பொருள் காரணங்களே உண்டு. மனிதனின் குற்றங்கள் எவ்வளவு கொடியனவாயினும் படைப்பின் கட்டமைப்பையே சாய்க்கும் ஆற்றல் அவற்றிற்கு இல்லை. அறத்தைப் போதிப்பதற்காக ஏதுமறியாக் குழந்தைகளை இடிபாடுகளில் புதைக்கும் இறைவனை ஏற்பதாயின், மனிதனின் அறவுணர்வே இறைவனின் அறவுணர்வினும் உயர்ந்தது என்று கொள்ள நேரும். இவற்றினும் கூர்மையானது வேறொரு வாதம்: இத்தகைய பேச்சு காந்தியடிகளைவிட அவருடைய எதிரிகளின் மனப்பாங்கிற்கே பொருந்தும், தீண்டாமையைக் காக்க விழைவோர் இதே நிலநடுக்கத்தைக் காட்டி, காந்தியடிகளும் அவரைப் பின்பற்றுவோருமே இதற்குக் காரணம் என்று கூறினால் வியப்பதற்கில்லை. நாட்டு மக்களை அச்சத்தினின்று விடுவித்தவரின் வாயிலிருந்தே பகுத்தறிவுக்கு மாறான சொல் பிறந்ததே என்பதுதான் கவிஞரின் துயரம்.

காந்தியடிகள் தம் 'அரிசன்' இதழில், 1934 பிப்ரவரி 16ஆம் நாள், அம்மறுப்பை வெளியிட்டார். அதே இதழில் மறுமொழியும் எழுதினார். வறட்சி, வெள்ளம், நிலநடுக்கம் யாவும் இயற்கைக் காரணங்களால் எழுவனவாகத் தோன்றினும், தம்மைப் பொறுத்தவரை அவை மனிதனின் ஒழுக்கத்தோடு தொடர்புடையன. இதனை மெய்ப்பிக்கத் தம்மால் இயலாது. எனினும் ஏளனத்திற்கு அஞ்சி நம்பிக்கையை மறைத்தல் கோழைத்தனம் என்பது அவர் நிலை. தம் நம்பிக்கை தவறெனினும், அது தம்மையும் தம்மைப் போல் நம்புவோரையும் தூய்மைப்படுத்திக்கொள்ளத் தூண்டும் என்றும் கூறினார்.

இவ்விடத்தில் ஒருவர் சற்றே தயங்கலாம். தீண்டாமை என்னும் கொடுமையை நீக்க நிலநடுக்கம் ஒரு கருவியாகப் பயன்படுமாயின் அதனால் என்ன கேடு? மேலும் காந்தியடிகள் குற்றத்தைத் தொலைவில் உள்ள பகைவர் மேல் சுமத்தவில்லை. தம் முன் அமர்ந்திருந்தோர் மேலும் தம் மேலும் சுமத்தினார். இன்றைய கருத்துரைஞர் பலரிடம் காணப்படாத நேர்மை அது. ஆயினும் கேடு உண்டு. திருநெல்வேலியார் செய்த பாவத்திற்கு முங்கேர்க் கடைத்தெருவில் இருந்தோர் ஏன் மாள வேண்டும்? இடிபாட்டில் சிக்கியோருள் தீண்டாமைக் கொடுமைக்கு ஆளானோரும் இருந்திருப்பர் அல்லரோ? அவர்கள் எப்பாவத்திற்குத் தண்டிக்கப்பட்டனர்? வாதம் இவ்விடத்தில் முறிகிறது.

சவகர்லால் நேரு இதனை இன்னும் வெளிப்படையாகவே கேட்டார். அவர் அழிவுற்ற ஊர்களைச் சுற்றிவந்தவர். முங்கேரில் அவரும் உடன் சென்றோரும் மண்வெட்டி ஏந்தி இடிபாடுகளைத் தோண்டியபோது ஒரு சிறுமியின் உடல் வெளிப்பட்டதைத் தம் தன்வரலாற்றில் குறிக்கிறார். அந்நூலிலேயே, காந்தியடிகளின் கூற்று தமக்கு அதிர்ச்சி தந்ததாக எழுதுகிறார். பாவத்தின் தண்டனை என்றால் எப்பாவத்திற்கு? தர்பங்கா மகாராசா பேரிழப்புக்கு ஆளானார். எனவே சமீன்தாரி முறைக்கு வந்த தண்டனை என்றும் கூறலாம். வட பிகார் விடுதலைப் போரில் முன்னின்றது. எனவே சட்டமறுப்புக்கு வந்த தண்டனை என்று ஆங்கில அரசும் கூறலாம். தென்னாட்டின் தீண்டாமைக்குப் பிகார் மக்கள் துன்புறுவானேன், நிலநடுக்கம் தீண்டாமையின் தாயகத்திற்கே சென்றிருக்கலாகாதா என்பது அவர் வினா. தமிழ் அவைகளுக்கு இவ்வினா சுடத்தான் வேண்டும். தீண்டாமைக்குப் பெயர்பெற்ற நிலம் என்று தென்னாடு சுட்டப்பட்டதற்கு மறுமொழி நிலநடுக்க ஆராய்ச்சியில் இல்லை.

இனி, காந்தியடிகளின் சொல் திருநெல்வேலி மக்களின் செவிக்குப் புதுமையாக இருந்திராது என்பதையும் கருத வேண்டும். தமிழ் மரபு முழுவதும் அச்சொல்லுக்கு இடம் தந்து வைத்திருக்கிறது. முறை தவறி ஆளும் மன்னன் நாட்டில் மழை பொய்க்கும் என்று திருக்குறளின் கொடுங்கோன்மை அதிகாரம் பேசுகிறது. சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில் பஃறுளியாறும் குமரிமலையும் கடலில் மறைந்தது, பாண்டியன் வேலெறிந்த பகையைக் கடல் பொறாமையால் என்று சொல்லப்படுகிறது. மணிமேகலையிலோ இன்னும் துயரம் மிகுந்த கதை. பீலிவளை ஈன்ற தன் மகனைக் கடலில் இழந்த சோழன் நெடுமுடிக்கிள்ளி, துயரத்தில் ஆழ்ந்து இந்திர விழாவை மறக்கிறான். அதன் பயனாகப் புகார் நகரைக் கடல் கொள்கிறது. மகனை இழந்த தந்தை அழுததற்காக ஒரு நகரமே அழிந்தது என்று பொருள். காப்பியத்துள் இது மிகச் சிறப்பாகப் பொருந்துகிறது. நிலையாமையைப் பேசும் நூலுக்கு இதனினும் ஏற்ற நிகழ்ச்சி இல்லை. ஆனால் கதையின் உள்ளே நின்று பொருள் தரும் காரணத்தைக் கதைக்கு வெளியே கொணர்ந்து, உயிரிழந்தோரின் உறவினர் முன் வைத்தல் வேறு செயல். தாகூர் பிரித்தறிந்தது இவ்வேறுபாட்டைத்தான். உருவகத்தின் வல்லமையை நன்கறிந்த ஒரு கவிஞரே, இங்கு உருவகம் ஆகாது என்று கூறினார்.

தமிழில் வழங்கும் 'இயற்கைச் சீற்றம்' என்ற தொடரும் ஆராயத்தக்கது. நிலநடுக்கம் என்பது நிகழ்ந்ததை உரைக்கும் சொல். பேரிடர் என்பது மக்கள் உற்றதை உரைக்கும் சொல். சீற்றம் என்பதோ இயற்கைக்கு ஒரு மனத்தைத் தந்துவிடுகிறது. சீறுவோர் உளர் எனின், சீற்றத்திற்கு ஆளாகும் குற்றம் செய்தோரும் இருக்க வேண்டும் அல்லவா? நாளிதழ்கள் இத்தொடரை எண்ணாமல் எழுதுகின்றன. கவிஞரும் எண்ணாமல் எழுதுவது பொருந்தாது.

2004 திசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை தாக்கியபோது நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்திற்கும் மேற்பட்டோர் இறந்தனர். மணிமேகலை சொல்லும் புகார் நின்ற அதே கடற்கரை. கடலன்னை பழிதீர்த்தாள் என்னும் கருத்தில் அன்று கவிதைகள் பல எழுந்தன. பிள்ளையைப் பறிகொடுத்த மீனவப் பெண் கடலை நோக்கி, உனக்கு என்ன கேடு செய்தேன் என்று கதறுவாளாயின் அது துயரத்தின் மொழி. அதனைத் திருத்த எவருக்கும் உரிமையில்லை. தொலைவில் இருந்தோர் அதே சொல்லை விளக்கமாக எடுத்தாளும்போது ஓர் உண்மை மறைந்துபோகிறது. சுமத்திராவுக்கு அருகே கடலடித் தளம் முறிந்தது இந்திய நேரப்படி காலை ஆறரை மணி அளவில். தமிழகக் கரையைப் பேரலை அடைய இரண்டு மணி நேரத்திற்கு மேல் ஆயிற்று. இந்தியப் பெருங்கடலுக்கென எச்சரிக்கை அமைப்பு ஏதும் அன்று இல்லை. ஐதராபாத்தில் அது செயற்படத் தொடங்கியது 2007இல். அந்த இரண்டு மணி நேரம் கடலின் குற்றமன்று. கடல் சீறியது என்று எழுதிய கவிதைகளில் அதற்கு இடமில்லாமல் போயிற்று.

தாகூர் அஞ்சியதும் பொய்க்கவில்லை. 2018இல் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியபோது, சபரிமலைக்குப் பெண்கள் செல்லும் வழக்கோடு அவ்வெள்ளத்தைத் தொடர்புபடுத்திய கருத்தும் எழுந்தது. மாட்டிறைச்சி உண்டதன் பயன் என்ற கருத்தும் எழுந்தது. காந்தியடிகள் சீர்திருத்தத்திற்காக எடுத்த கருவி, சீர்திருத்தத்தை எதிர்ப்போர் கைக்கும் எளிதாகவே பொருந்தியது.

இவ்வளவு பேச்சுக்கும் நடுவே 1934இன் நிலநடுக்கத்தை மெய்யாகவே ஆராய்ந்தோர் யாவர்? இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் அறிஞர் நால்வர்: டன், ஆடன், கோசு, ராய். அவர்களுள் ஆடன் என்பார் ஆங்கிலக் கவிஞர் டபிள்யூ. எச். ஆடனின் தமையனார் என்பது கவிஞர் கூடிய இவ்வவைக்கு இனிய செய்தியாகும். வீடுகள் இடிந்து வீழாமல் சாய்ந்தும் மணலில் அமிழ்ந்தும் கிடந்த, ஏறத்தாழ முந்நூறு கிலோமீட்டர் நீண்ட ஒரு நிலப்பகுதியை அவர்கள் வரையறுத்தனர். அவர்தம் பெருநூல் வெளிவந்தது 1939இல். நிலநடுக்கத்தின் மையம் வட பிகாரில் இருந்ததெனவே முதலில் கருதப்பட்டது. பிற்கால ஆய்வுகளே அதனைக் கிழக்கு நேபாளத்திற்கு, எவரெசுட்டுக்குத் தெற்கே நகர்த்தின. கருத்துரைக்கு ஒன்பது நாள் போதுமாயிருந்தது. முதல் முழு ஆய்வுக்கு ஐந்தாண்டு வேண்டியிருந்தது.

காந்தியடிகள் 1934 மார்ச்சுத் திங்களில் பிகாருக்குச் சென்று, இராசேந்திர பிரசாத்தின் தலைமையில் நிகழ்ந்த துயர்துடைப்புப் பணியில் கலந்துகொண்டார். கவிஞரோடு அவருக்கு இருந்த நட்பும் குறையவில்லை. 1936இல் விசுவபாரதிக்குப் பொருள் திரட்ட முதுமையிலும் நாடகக் குழுவோடு ஊர் ஊராகச் சென்றுகொண்டிருந்த தாகூரைத் தில்லியில் கண்டு மனம் வருந்தி, அறுபதாயிரம் ரூபாய் கிடைக்கச் செய்தவர் காந்தியடிகளே.

நிலம் எங்கே முறிந்தது என்ற வினா மட்டும் நெடுங்காலம் எஞ்சியிருந்தது. நேபாளம், பிரான்சு, சிங்கப்பூர் நாடுகளைச் சார்ந்த ஆய்வாளர்கள் இமயத்தின் அடிவாரத்தில் அகழிகள் தோண்டி, மண்ணடுக்குகளில் சிக்கியிருந்த கரித்துண்டுகளின் காலத்தைக் கணித்து, 1934இன் முறிவு நிலத்தின் மேற்பரப்பு வரை எட்டியிருந்ததை 2013இல் வெளியிட்டனர். நிலநடுக்கம் நிகழ்ந்து 79 ஆண்டுகள் கடந்திருந்தன. அதே இடத்தில் அதற்கு முந்தைய முறிவு ஒன்றன் தடமும் கிடைத்தது. அது 1255ஆம் ஆண்டினது. நேபாள அரசன் அபய மல்லனின் உயிரைக் கொண்ட நிலநடுக்கம் அது.