கடலைப் பார்த்த வீடும் அதன் விலையும்

ஒரே கடற்கரையில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு கட்டடங்கள். புதியதில் வீட்டு விலை தாக்குப்பிடிக்கிறது. பழையதில் விலையைக் குறைத்தும் வாங்க ஆள் வருவதில்லை. அமெரிக்காவின் புளோரிடாவில் சில ஆண்டுகளாகக் காணப்படும் நிலை இது.

2021 ஜூன் 24 அதிகாலையில், மயாமிக்கு வடக்கேயுள்ள சர்ஃப்சைடில், 1981இல் கட்டப்பட்ட 12 மாடிக் குடியிருப்பின் ஒரு பகுதி சரிந்தது. 98 பேர் இறந்தார்கள். கடலோரக் கட்டடங்களில் உப்புக் காற்றும் நீரும் கான்கிரீட்டுக்குள் இறங்கினால் கம்பி துருப்பிடிக்கும். துரு உப்பிக் கான்கிரீட்டைப் பிளக்கும். நீச்சல்குளத் தளத்துக்கு அடியில் பெரும் சேதம் இருப்பதைப் பொறியாளர் ஒருவர் 2018இலேயே எழுதிக் கொடுத்திருந்தார். பழுதுபார்க்கத் தேவைப்பட்ட சுமார் 1.5 கோடி டாலர் வசூலாகும் முன்பே கட்டடம் விழுந்துவிட்டது.

மூன்று மாடியும் அதற்கு மேலும் உள்ள பழைய குடியிருப்புகளுக்கு, இந்த விபத்தை அடுத்து புளோரிடாவில் 2022இல் வந்த சட்டம் உறுதிச் சோதனையையும் பழுதுபார்ப்பு நிதியையும் கட்டாயமாக்கியது. அதுவரை உரிமையாளர்கள் வாக்களித்து அந்த நிதியைத் தவிர்த்துவந்தார்கள். தள்ளிப்போட்ட செலவு மொத்தமாக வந்து சேர்ந்தது. காப்பீட்டுக் கட்டணமும் ஏறியது.

விலை இறங்கும் கணக்கு எளிது. பராமரிப்புக் கட்டணம் மாதம் 500 டாலர் கூடினால் ஆண்டுக்கு 6,000 டாலர். 6 சதவீத வட்டியில் அது ஒரு லட்சம் டாலரின் வட்டிக்குச் சமம். விவரம் அறிந்தவர் அந்த ஒரு லட்சத்தை விலையில் கழித்துத்தான் கேட்பார். கட்டணம் கட்ட முடியாத வீடுகள் பெருகினால் நிலைமை இன்னும் மோசமாகும்: 15 சதவீதத்துக்கு மேற்பட்ட வீடுகள் இரண்டு மாத பாக்கி வைத்திருக்கும் கட்டடத்தின் வீட்டுக் கடன்களை, வங்கிகளிடமிருந்து அத்தகைய கடன்களை வாங்கும் ஃபேனி மே நிறுவனம் ஏற்பதில்லை. அதனால் வங்கிகள் கடன் தரத் தயங்குகின்றன. கையில் ரொக்கம் உள்ளவர் மட்டுமே வாங்க வருகிறார். அவர் கேட்பதுதான் விலை.

இதில் அதிகம் நசுங்குபவர்கள் ஓய்வூதியத்தை நம்பி அங்கே குடியேறிய முதியவர்கள். வீட்டுக் கடன் முழுவதையும் அடைத்தவருக்குக்கூடச் சிறப்பு வசூலாகப் பல்லாயிரம் டாலர் கேட்டு நோட்டீஸ் வருகிறது. சட்டம் தேவையானதுதான், ஆனால் முப்பது ஆண்டுகள் சேமிக்காமல் விட்டதன் பாரம் கடைசியில் அங்கே குடியிருப்பவர் தலையில் விழுவது கொடுமை.

கட்டடத்துக்கு மதிப்பு போனாலும் கடலோர மனைக்கு மதிப்பு உண்டு. சர்ஃப்சைடில் இடிந்த கட்டடத்தின் மனை 2022இல் 12 கோடி டாலருக்கு விற்றது. பழைய குடியிருப்புகளை மொத்தமாக வாங்கி இடித்துக் கட்ட நிறுவனங்கள் வருவது இதனால்தான். அதற்கு 80 சதவீத உரிமையாளர்கள் சம்மதிக்க வேண்டும். 5 சதவீதத்தினர் எதிர்த்தாலே திட்டம் நின்றுவிடும். திட்டம் நிறைவேறினால் உரிமையாளருக்கு ஒரு தொகை கிடைக்கும். அதே மனையில் எழும் புதிய கட்டடத்தில் வீடு வாங்க அது போதாது.