பண்ணைக் கணக்கு யாருடைய ஆவணம்?

(ஆய்வு மாணவர்களும் நில உரிமைக் களப்பணியாளர்களும் கலந்துகொண்ட ஒரு கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பழைய தஞ்சாவூர் மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில், அதாவது இன்றைய திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களில், மிராசுதார் குடும்பங்கள் வைத்திருந்த பண்ணை ஆவணங்களை முனைவர் பட்டத்துக்காக வாசித்து வருகிறேன். இதைச் சொன்னதும் தோழர்கள் வழக்கமாக ஒரு கேள்வி கேட்பார்கள். "ஆண்டை வீட்டுக் கணக்கைப் படித்து நமக்கு என்ன ஆகப்போகிறது? நம்ம வரலாறு நம்ம சனங்களோட வாயில்தானே இருக்கு?" நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

பண்ணை ஆவணம் என்றால் என்ன என்பதை முதலில் பார்த்துவிடுவோம். கிரயப் பத்திரங்கள், பாகப்பிரிவினைப் பத்திரங்கள், குத்தகைச் சீட்டுகள், கிஸ்தி ரசீதுகள் ஒரு பக்கம். நாள் கணக்கு, களத்து நெல் கணக்கு, கூலி அளந்த கணக்கு, கடன் பேரேடு இன்னொரு பக்கம். இவற்றோடு கோயில் மண்டகப்படிச் செலவு, கல்யாணச் செலவு, நீதிமன்ற வழக்குக் கட்டுகள். வேலி, மா, குழி என்று நிலத்தையும், கலம், மரக்கால், படி என்று நெல்லையும் எழுதியிருப்பார்கள். எழுதியவர் பண்ணையின் கணக்குப்பிள்ளை. அவர் யார் தெருவில் குடியிருந்தார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அரசாங்கத்துக்கு நிலக் கணக்கு எழுதிய கர்ணமும் பெரும்பாலும் அதே தெருக்காரர்தான். 1980இல் கர்ணம், மணியம் பதவிகள் ஒழிக்கப்பட்டுக் கிராம நிர்வாக அலுவலர் பதவி வரும்வரை, ஊரில் எது எழுதப்பட வேண்டும், எது எழுதப்படக் கூடாது என்பதை முடிவு செய்த கைகள் மிகச் சில.

இந்த ஆவணங்கள் இன்று வெளியே வரும்போது 'குடும்பப் பாரம்பரியம்' என்ற பெயரில்தான் வருகின்றன. முற்றம் வைத்த வீடு, தேக்குத் தூண், தாத்தாவின் கோட்டுப் படம், பக்கத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு பழைய பத்திரம். நான் தேடிப்போன ஒரு வீட்டில் புகைப்படங்களையும் கோயில் செப்பேட்டு நகலையும் ஆசையாக எடுத்துக் காட்டினார்கள். "கூலிக் கணக்கு இருக்கிறதா?" என்று கேட்டதும் பேச்சு நின்றது. "அதெல்லாம் கரையான் அரிச்சுப் போச்சு தம்பி" என்றார்கள். கரையானுக்கும் எந்தக் காகிதத்தை அரிக்க வேண்டும் என்று தெரிந்திருக்கிறது.

கிடைத்த கணக்குகளை எப்படி வாசிப்பது? நான் கற்றுக்கொண்ட நான்கு விஷயங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, பெயர். குத்தகைக்காரர் பெயருக்கு முன்னால் தகப்பனார் பெயர் இருக்கும், ஊர் இருக்கும், சாதிப் பட்டம் இருக்கும். பண்ணையாள் பெயருக்கு அப்படி எதுவும் இருக்காது. வெறும் மூக்கன், வெறும் காத்தான். ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் பெரியவன், சின்னவன் என்று பிரித்திருப்பார்கள். பெண்களுக்கு அதுவும் இல்லை. நடவுக்கு இத்தனை பெண் ஆள், களையெடுப்புக்கு இத்தனை பெண் ஆள் என்று எண்ணிக்கையோடு முடிந்துவிடும். காவிரிப் படுகையின் நெல்லையெல்லாம் நட்டவர்கள் அந்தப் பெண்கள். அவர்களில் ஒருவர் பெயரைக்கூட நடவுக் கணக்கிலிருந்து என்னால் சொல்ல முடியாது. ஆனால் அதே பண்ணையில் உழவு மாடு வாங்கிய கணக்கில் மாட்டின் நிறம், சுழி, கொம்பு எல்லாம் எழுதப்பட்டிருக்கும்.

இரண்டாவது, கடன். இதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே நிலத்தோடு ஆட்களையும் விற்றார்கள், அடமானம் வைத்தார்கள். எஃப்.டபிள்யூ. எல்லிஸ் மிராசு உரிமை பற்றி எழுதி 1818இல் அச்சான பதில்களில் அடிமைகளைப் பற்றிய விளக்கமும் சேர்ந்தே வருகிறது. 1819இல் வருவாய் வாரியம் மாவட்ட ஆட்சியர்களிடம் இதைப் பற்றித் தனியாக விசாரித்தது. பிறகு 1843ஆம் ஆண்டின் ஐந்தாவது சட்டம் வந்தது. அது அடிமைகளைக் கூப்பிட்டு "நீங்கள் விடுதலை" என்று சொல்லவில்லை. ஒரு மனிதர்மேல் இன்னொருவர் கொண்டாடும் சொத்துரிமையை நீதிமன்றம் இனி ஏற்காது என்றது, அவ்வளவுதான். அதாவது ஆளை விற்ற ஓலை இனிச் செல்லாது. ஆனால் கடன் சீட்டு செல்லும்.

அதற்குப் பிந்தைய பண்ணைக் கணக்குகளில் கடன் பேரேடு ஏன் இவ்வளவு தடிமனாக இருக்கிறது என்பதை இந்தப் பின்னணியில்தான் புரிந்துகொள்ள முடியும். கல்யாணத்துக்கு வாங்கிய பணம், சாவுக்கு வாங்கிய நெல், ஐப்பசி கார்த்திகை மழையில் வேலை இல்லாதபோது வாங்கிய நெல், எல்லாம் பற்றாக ஏறும். அறுவடையில் கிடைக்கும் பங்கில் கழித்தாலும் தீராது. அப்பன் செத்தால் மகன் பெயரில் அதே தொகை தொடரும். சில பெயர்களுக்கு எதிரே 'ஊரில் இல்லை' என்று எழுதியிருக்கும். எங்கே போனார்கள்? பலர் நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலேயா தோட்டங்களுக்குப் போயிருப்பார்கள். ரப்பர் தோட்டம் சொர்க்கம் அல்ல என்பது நமக்குத் தெரியும். இருந்தும் கடல் தாண்டி ஓடும் அளவுக்கு அந்தப் பேரேடு அவர்களை இறுக்கியிருக்கிறது. தம்பி பெயருக்கு மாற்றப்பட்ட அந்தக் கடன், ஓடியவர் மிச்சம் வைத்துப்போன குடும்பத்தின் கதை.

மூன்றாவது, அளவு. கணக்கில் 'ஒரு மரக்கால்' என்று இருந்தால் அதை அப்படியே நம்பக் கூடாது. குத்தகை நெல்லை வாங்க ஒரு மரக்கால், கூலி அளக்க வேறொரு சின்ன மரக்கால் வைத்திருந்தார்கள் என்று சேரிகளில் பெரியவர்கள் இன்றும் சொல்கிறார்கள். காகிதத்தில் இரண்டும் ஒரே எழுத்துதான். இந்த இடத்தில்தான் என்னிடம் கேள்வி கேட்கும் தோழர்கள் சொல்வது சரியாகிறது. நம் சனங்களின் வாய்மொழி இல்லாமல் இந்தக் கணக்கைப் படித்தால் ஆண்டையின் பொய்யையும் சேர்த்துப் படிப்போம். சாணிப்பாலும் சவுக்கடியும் எந்த வரவு செலவிலும் ஏறவில்லை. 1940களில் பி. சீனிவாசராவ் போன்றவர்கள் செங்கொடியோடு சேரிக்குள் வந்து, அடித்தால் திருப்பி அடி என்று சொன்ன காலத்தை வாய்மொழி வரலாறு வைத்திருக்கிறது. பண்ணைக் கணக்கில் அந்த ஆண்டுகள் வேறு விதமாகத் தெரிகின்றன. வக்கீல் செலவு ஏறும், காவலுக்கு வைத்த அடியாட்களின் சாப்பாட்டுச் செலவு ஏறும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால்தான் முழுப் படம் கிடைக்கும்.

நான்காவது, தேதி. பாகப்பிரிவினைப் பத்திரத்தையோ அறக்கட்டளைப் பத்திரத்தையோ பார்த்தால் முதலில் தேதியைப் பாருங்கள். நில உச்சவரம்புச் சட்டம் 1961இல் நிறைவேறியது, 1960 ஏப்ரல் 6 முதல் நடைமுறைக்கு வந்ததாகக் கணக்கு. ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 30 தர ஏக்கர். 1970இல் அது 15 ஆகக் குறைந்தது. இந்த இரண்டு தேதிகளை ஒட்டிய காலத்தில், மகன், மருமகள், பேரக்குழந்தை, சாமி, தர்மம் என்று பல பெயர்களில் நிலம் திடீரென்று பிரிவதைப் பத்திரங்களில் பார்க்கலாம். உழுபவர் அதே ஆள், நெல் போய்ச் சேரும் களஞ்சியமும் அதே களஞ்சியம். பெயர் மட்டும் மாறியிருக்கும். நிலம் உழுபவருக்குப் போய்விட்டது என்று பாடப்புத்தகத்தில் படிக்கிறோம். எங்கே நின்றுபோனது என்பதை இந்தப் பத்திரங்கள் காட்டுகின்றன.

இதெல்லாம் பழைய கதை என்று யாராவது நினைத்தால் அவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நிலம் கேட்டு ஒரு தலித் குடும்பம் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் முதல் கேள்வி, "ஆவணம் இருக்கா?" என்பதுதான்.

பஞ்சமி நிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்ஹீர் பறையர்களின் நிலையைப் பற்றி 1891இல் கொடுத்த அறிக்கையின் தொடர்ச்சியாக 1892இல் அரசாணை வந்தது. ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்கப்பட்டது, பிறர் அதை வாங்க முடியாது என்று நிபந்தனையும் இருந்தது. அந்த நிலம் கைமாறிப் போனதைக் கேட்டுத்தான் காரணையில் மக்கள் போராடினார்கள். 1994 அக்டோபரில் காவல்துறை துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் கொல்லப்பட்டார்கள். இன்றைக்கும் பஞ்சமி நில மீட்பில் வேலை செய்யும் தோழர்கள் பழைய நிலப் பதிவேட்டின் ஒரு பக்கத்துக்காக அலுவலகம் அலுவலகமாக அலைகிறார்கள். தஞ்சைப் பகுதியில் 1971இல் குடியிருப்புச் சட்டம் வந்தது. பண்ணையார் மனையில் குடிசை போட்டு வாழ்ந்த விவசாயத் தொழிலாளிக்கு அந்த மனையைச் சொந்தமாக்கிய சட்டம். அதிலும் சிக்கல் வரும்போது கேட்கப்படுவது, நீ அங்கே குடியிருந்தாய் என்பதற்கு என்ன சாட்சி என்பதுதான்.

ரேஷன் கார்டுகூட இல்லாத காலத்தில் நம் பாட்டன் அந்த ஊரில் இருந்தார், அந்த நிலத்தில் உழைத்தார் என்பதற்கு எழுத்தில் இருக்கும் சாட்சி எது? பெரும்பாலும் அந்தப் பண்ணையின் கூலிக் கணக்கு மட்டும்தான். நம்மை அடிமைப்படுத்திய காகிதமே நம் இருப்புக்கான ஒரே எழுத்துச் சாட்சி. அதனால்தான் அதை 'அவர்கள் வீட்டுக் காகிதம்' என்று விட்டுவிட முடியாது என்கிறேன்.

ஆவணம் யார் பக்கம் இருக்கிறதோ அவர் பேச்சுக்குக் கிடைக்கும் எடையைக் கீழ்வெண்மணியில் பார்த்தோம். கூலி உயர்வு கேட்டவர்களின் சேரியில், 1968 டிசம்பர் 25 இரவு, பெண்களும் குழந்தைகளும் முதியவர்களுமாக 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். கீழ் நீதிமன்றம் தண்டித்த நிலவுடைமையாளர்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. இவ்வளவு நிலமும் வசதியும் உள்ளவர்கள் தாங்களே நேரில் நடந்து வந்து தீ வைத்திருப்பார்களா என்ற சந்தேகம் அந்தத் தீர்ப்பில் இருந்தது. நிலமும் காரும் நற்சான்றிதழ் ஆயின. உயிர் பிழைத்தவர்களின் சொல் போதவில்லை.

வேறு நாட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அமெரிக்காவில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தை நடத்திய இயேசு சபையினர் 1838இல் தங்கள் தோட்டங்களில் இருந்த 272 அடிமைகளை விற்றார்கள். அந்த விற்பனைக் காகிதங்களில் மனிதர்களின் பெயர்கள் இருந்தன. இன்று அவை பொதுவில் வைக்கப்பட்டு, அந்தப் பெயர்களின் வழியாக வாரிசுகள் தங்கள் முன்னோரைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். பல்கலைக்கழகம் 2017இல் மன்னிப்புக் கேட்டது. அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் உடைமைக் கணக்காக எழுதப்பட்ட ஒரு பட்டியலை வாரிசுகள் கையில் எடுத்தால் அது உரிமை ஆவணமாக மாறும் என்பதற்கு அது ஒரு சான்று.

இங்கே நாம் என்ன செய்யலாம்? முதலில், பண்ணைக் கணக்குகளைப் பாதுகாக்கக் கோர வேண்டும். பழைய வீடு இடிபடும்போது பத்திரங்களை வக்கீல் வீட்டுக்கு எடுத்துப்போவார்கள், கணக்கு நோட்டுகளைப் பழைய பேப்பர் கடைக்குப் போடுவார்கள். அந்தக் கடையிலிருந்துகூட நாம் மீட்கலாம். இரண்டாவது, அரசு ஆவணக் காப்பகமும் பல்கலைக்கழகங்களும் இவற்றை வாங்கும்போது 'மிராசுதார் குடும்பத் தொகுப்பு' என்ற பட்டியலோடு நிறுத்தாமல், அதில் வரும் பண்ணையாட்களின் பெயர்களையும் ஊர் வாரியாகப் பட்டியலிட வேண்டும். மூன்றாவது, அந்த நகல் அந்த ஊர்ச் சேரிக்குப் போக வேண்டும். ஆய்வாளர் எழுதும் கட்டுரைக்கு முன்னால் போக வேண்டும். ஊரில் உட்கார்ந்து சத்தமாக வாசித்தால், "இந்தக் காத்தான் எங்க தாத்தாதான், அந்தக் கடன் எதுக்குன்னு எங்க ஆத்தா சொல்லும்" என்று யாராவது எழுந்திருப்பார்கள். வெறும் காத்தானுக்கு அந்த இடத்தில் ஒரு தகப்பன் பெயர் கிடைக்கும், பேரப்பிள்ளைகள் கிடைப்பார்கள்.

உங்களில் பலர் இதே மாவட்டங்களிலிருந்து படிக்க வந்தவர்கள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பாட்டியிடம் இரண்டு கேள்வி மட்டும் கேளுங்கள். நம்ம குடும்பம் எந்தப் பண்ணையில் வேலை செய்தது? அங்கே கணக்கு எழுதியது யார்? பதிலைத் தேதியோடு எழுதி வையுங்கள். அந்தக் கணக்கு எங்கே இருக்கிறது என்று தேடும் வேலையை நாம் சேர்ந்து செய்வோம்.