அன்னாசியின் உறவினர் யார்?
(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கொல்லிமலை அன்னாசியை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். தென் அமெரிக்காவில் தோன்றிய இச்செடியைப் போர்த்துகீசியர் 16ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குக் கொணர்ந்தனர். நீண்ட முள் இலையைக் கண்டோர் அதனைத் தாழையோடு சேர்த்து எண்ணினர். மலையாளத்தார் அதனைக் கைதச்சக்கை என்பர். கைதை என்பது தாழையே. நானும் பல்லாண்டுகள் வகுப்பில் அவ்வாறே கூறிவந்தேன். ஒருநாள் மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, இலையை மட்டும் பார்த்து உறவு சொல்லலாமா?" என்றான். விடை தேடிப் படித்தேன். பிழை என்னுடையது என உணர்ந்தேன்.

உயிரணுவில் மரபுச் செய்தி நான்கு வேதிப்பொருள்களின் வரிசையாக அமைந்துள்ளது. நம் இளம்பிள்ளைத் தறிக்காரர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஜக்கார்டு அட்டையில் துளை தவறினால், அதைப் படியெடுத்த அட்டைகளிலும் அத்தவறு தொடரும். இரு சேலைகளில் ஒரேவிதமான தவறுகள் பல காணப்படின், அவை ஒரே மூல அட்டையின் வழிவந்தவை எனலாம். அவ்வாறே மரபணுக்களில் நேர்ந்த மாற்றங்களை அடையாளங்களாகக் கொண்டு தாவரங்களின் உறவை அறிஞர் அறிகின்றனர்.

அவர்கள் கண்டது யாது? அன்னாசிக் குடும்பம் தாழைக்கோ கற்றாழைக்கோ நெருங்கியதன்று. நெல், சோளம், கம்பு, கரும்பு ஆகிய புல்லினங்கள் அடங்கிய வரிசையைச் சேர்ந்தது! 2015இல் அன்னாசியின் 25 இணைக் குரோமோசோம்களில் அடங்கிய மரபுச் செய்தியும் படித்து வெளியிடப்பெற்றது. முள்ளையும் பழத்தின் அளவையும் கொண்டு பல இனங்களாகப் பிரிக்கப்பட்டிருந்த அன்னாசியும் அதன் காட்டுச் சுற்றமும், 2003இல் இரண்டே இனங்களாக ஒடுக்கப்பட்டன.

அன்பர்களே, மரபணு ஏட்டில் உறவு எழுதப்பட்டுள்ளது. உயர்வு தாழ்வு எழுதப்படவில்லை. மனிதர் அனைவரும் ஒரே இனம் என்பதையும் அதே ஏடு கூறுகிறது. பிறப்பைக் காட்டி ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களின் பிள்ளைகள் இதனைக் கேள்விப்பட்டால் மட்டும் போதாது. தாமே ஆராய்ந்து அறிதல் வேண்டும்.

ஆகவே சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். இவ்விழாவின் நினைவாக நம் படிப்பகத்திற்கு நுண்ணோக்கி ஒன்று வாங்கித் தாருங்கள். மாணவர்களே, ஆசிரியர் சொன்னார் என்பதற்காக எதனையும் ஏற்காதீர்கள். என்னைத் திருத்திய அம்மாணவனைப் போல் எழுந்து கேளுங்கள்.