ஏதிலியர் கல்வி: பள்ளிச் சேர்க்கையும் சான்றிதழின் மதிப்பும்

ஏதிலியர் கல்வியை ஆராய்வோர் இரண்டு கேள்விகளைத் தனித்தனியே எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பிள்ளையைப் பள்ளியில் சேர்த்துக்கொள்கிறார்களா என்பது ஒன்று. படித்து முடித்து வாங்கும் சான்றிதழ் எந்த நாட்டில், எந்த வேலைக்குச் செல்லும் என்பது மற்றொன்று. 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை, தொடக்கக் கல்வியில் அகதிகளைச் சொந்தக் குடிமக்களுக்கு இணையாக நடத்தச் சொல்கிறது. அதற்கு மேற்பட்ட கல்விக்கும் சான்றிதழ்களை ஏற்பதற்கும், மற்ற அயல்நாட்டவரைவிடக் குறைவாக நடத்தாவிட்டால் போதும் என்று நின்றுவிடுகிறது. இந்தியா இந்த உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. ஆயினும் இலங்கைத் தமிழ் ஏதிலியர் தொடர்பாக முதல் கேள்விக்குத் தமிழ்நாடு தந்த விடை, கையெழுத்திட்ட நாடுகள் பலவற்றின் விடையைவிட மேலானது. இரண்டாவது கேள்விதான் நாற்பது ஆண்டுகளாகத் தீராமல் கிடக்கிறது.

இந்த மக்கள் விட்டுவந்த நாட்டிலும் பூசலின் வேர்களில் ஒன்று கல்விதான். 1956-இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டம் அரசு வேலையின் வாயிலைக் குறுக்கியது. 1970-களின் தொடக்கத்தில் வந்த தரப்படுத்தல், பல்கலைக்கழக மருத்துவ, பொறியியல் இடங்களுக்குத் தமிழ் மாணவர் கூடுதல் மதிப்பெண் பெறவேண்டிய நிலையை உண்டாக்கியது. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97 ஆயிரம் நூல்களுடன் எரிந்தது. தமிழருக்கு எதிரான 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் தமிழ்நாட்டுக்குப் படகேறியவர்களில், சொத்துக்கு அடுத்தபடி பிள்ளைகளின் படிப்பை நினைத்துக் கலங்கியவர்கள் மிகுதி. அலை அலையாக வந்தவர்கள் மொத்தம் 3 லட்சத்துக்கும் மேல். பலர் திரும்பினர், சிலர் வேறு நாடுகளுக்குப் போயினர். 2021 கணக்குப்படி, முகாம்களில் ஏறத்தாழ 58 ஆயிரம் பேரும் முகாமுக்கு வெளியே பதிவுபெற்று ஏறத்தாழ 34 ஆயிரம் பேரும் இருந்தனர்.

மண்டபம் முகாமில் பதிவு முடிந்து பிற முகாம்களுக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள், அருகிலுள்ள அரசுப் பள்ளிகளில் சேர்ந்தனர். தனிப்பள்ளி கட்டப்படவில்லை. சத்துணவு, பாடநூல், பேருந்து அட்டை, மிதிவண்டி ஆகியவை உள்ளூர்ப் பிள்ளைகளைப் போலவே அவர்களுக்கும் கிடைத்தன. பயிற்றுமொழி தமிழாக இருந்தது, உலகின் ஏதிலியர் வரலாற்றில் அரிதான வாய்ப்பு. சிக்கல் வேறிடத்தில் இருந்தது. இலங்கையின் சாதாரண தரம், உயர்தரம் என்ற வரிசையில் படித்தவரை, தமிழ்நாட்டின் எஸ்.எஸ்.எல்.சி., பிளஸ் டூ என்ற வரிசையில் எந்த வகுப்பில் உட்காரவைப்பது? மாற்றுச் சான்றிதழ் இல்லாமல் வந்தவருக்கு எதை ஆதாரமாகக் கொள்வது? இத்தகைய இடைவெளிகளை நிரப்பியதில், இலங்கைத் தமிழர் தலைவர் செல்வநாயகத்தின் மகன் சந்திரகாசன் 1984-இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்துக்குப் பெரும் பங்குண்டு. முகாமில் படித்த இளைஞர்களே மாலை வகுப்பு ஆசிரியர்கள் ஆயினர்.

எம்.ஜி.ஆர். ஆட்சியில் மருத்துவம், பொறியியல் உள்ளிட்ட தொழிற்கல்வியில் ஏதிலியருக்கென இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. 1991 மே மாதம் முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி விடுதலைப் புலிகளால் படுகொலை செய்யப்பட்ட பின் அவை பறிபோயின. தொண்டு நிறுவனங்கள் முகாம்களுக்குள் செல்லவும் கட்டுப்பாடு வந்தது. கொலைக்கும் பிளஸ் டூ முடித்த ஒரு முகாம் மாணவிக்கும் என்ன தொடர்பு என்ற கேள்வி அன்றைய சூழலில் உரக்கக் கேட்கப்படவில்லை. கேட்கத்தக்க கேள்வி அது. 1996-இல் ஆட்சி மாறியதும் ஒதுக்கீடு திரும்ப வந்தது. தரப்படுத்தலிலிருந்து தப்பி வந்தவர்களின் பிள்ளைகளில் ஒரு தலைமுறையே, இடைப்பட்ட ஆண்டுகளில் தொழிற்கல்லூரியின் வாயிலில் நிறுத்தப்பட்டுவிட்டது. சட்டத்தால் உறுதிசெய்யப்படாமல் அரசாணையால் மட்டும் வரும் சலுகை எவ்வளவு எளிதில் போகும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

கல்லூரிப் படிப்பு முடிந்த பிறகு எதிரே நிற்பது குடியுரிமைச் சட்டம். இந்திய மண்ணில் 1987 ஜூலை 1-க்கு முன் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அதன்பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவரேனும் இந்தியராக இருக்கவேண்டும்; 2004 டிசம்பர் 3 முதல், மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கவும் கூடாது. கடவுச்சீட்டின்றிப் படகில் வந்தவரைச் சட்டம் அந்தப் பெயரால்தான் அழைக்கிறது. 2019 திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளோடு நின்றதால் இலங்கையர் அதிலும் வரவில்லை. ஆகவே 1987 ஜூலைக்குப் பின் முகாமில் ஏதிலியப் பெற்றோருக்குப் பிறந்து, தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் படித்து, தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர் அரசுத் தேர்வு எழுத முடியாது. சட்டம் படித்தாலும் இந்தியக் குடிமகன் அல்லாதவர் வழக்கறிஞராகப் பதிவது கடினம். தனியார் நிறுவனமும் அடையாள ஆவணங்களைக் கேட்கிறது. முகாம் குடும்பங்களுக்கு அரசு பணக்கொடை வழங்கும் நாளின் வருகைச் சரிபார்ப்பு, வெளியூரில் தங்கி வேலை பார்ப்பவரை முகாமுக்கு இழுக்கிறது. பொறியியல் பட்டதாரி பெயின்ட் வேலைக்குப் போவது முகாம்களில் பழகிப்போன காட்சி. அதைப் பார்த்து வளரும் தம்பி பிளஸ் டூவோடு நிறுத்திக்கொண்டால், அவனுக்குப் படிப்பில் நாட்டமில்லை என்று அறிக்கை எழுதுவது பிழையான நோயறிதல்.

இதே இந்தியாவில் திபெத்தியருக்கு வழி வேறாக அமைந்தது. நேரு அரசு தனிப்பள்ளிகளுக்கு இசைந்தது. 1960-இல் முசூரியில் முதல் பள்ளி, 1961-இல் அவற்றை நடத்த மத்திய அரசின் தனி அமைப்பு. மொழியும் பண்பாடும் அழியாமல் காப்பது அங்கே முதல் நோக்கம். வங்கதேசத்தின் காக்ஸ் பஜாரில் நிலைமை இதற்கு நேர் எதிர். ரோகிங்கியாக்கள் அங்கேயே தங்கிவிடக்கூடும் என்ற அச்சத்தால், அந்நாட்டுப் பாடத்திட்டம் அவர்களுக்கு மறுக்கப்பட்டது. மியன்மார்ப் பாடத்திட்டம் 2021-இல்தான் சோதனை முறையில் தொடங்கியது. யாருடைய பாடத்தைப் படிப்பது என்பதற்குப் பின்னால், இவர்கள் எங்கே வாழப்போகிறார்கள் என்ற அரசியல் கணக்கு எப்போதும் இருக்கிறது.

2009-இல் இலங்கையின் உள்நாட்டுப் போர் முடிந்தபின் அங்கே திரும்பியோரிடம் அந்தக் கணக்கின் மறுபக்கத்தைக் காணலாம். இந்தியாவில் பிறந்த பிள்ளைக்கு இலங்கைக் குடியுரிமை தானாக வருவதில்லை. சென்னையிலுள்ள துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிந்தாக வேண்டும். பதியாதவர் எந்த நாட்டுக்கும் உரியவரல்லாமல் நிற்பார். தமிழ்நாட்டுச் சான்றிதழுக்கு இணைத்தகுதி பெறவேண்டும். அரசு வேலைக்குச் சிங்கள அறிவு வேண்டும். முகாம் பள்ளிப்பருவத்தில் அதைக் கற்க வழியே இருந்ததில்லை.

2021 ஆகஸ்ட் 27 அன்று தமிழ்நாடு அரசு 317.40 கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்தது. 7,469 புதிய வீடுகளுடன், கல்லூரி மாணவர் உதவித்தொகை உயர்வும் பொறியியல் மாணவர் சிலரின் கட்டணத்தை அரசு ஏற்பதும் அதில் இடம்பெற்றன. இவை படிக்கும் காலத்துச் சுமையைக் குறைப்பவை. 2025 செப்டம்பரில் மத்திய அரசு, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவுபெற்ற இலங்கைத் தமிழருக்கு, பயண ஆவணம் இல்லாமைக்கான தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்களித்தது. அந்த ஆணை குடியுரிமை தருவதில்லை.

இனிவரும் ஆய்வுகள் சேர்க்கை எண்ணிக்கையோடு நின்றுவிடாமல், பட்டம் பெற்ற ஐந்தாம், பத்தாம் ஆண்டில் முகாம் மாணவர் என்ன வேலையில் இருக்கிறார் என்பதை மாவட்டவாரியாகத் தொடர வேண்டும். பெண்களைத் தனியே கணக்கெடுப்பதும், முகாமுக்கு வெளியே பதிந்து வாழ்வோரை விட்டுவிடாமல் இருப்பதும் அவசியம். இந்தியாவிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்றோரின் வழிவந்த மலையகப் பின்னணியினருக்கு 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்கீழ் உரிமை கோரும் வாய்ப்பு உண்டா என்பதைச் சட்ட ஆய்வாளர்கள் தனித்துப் பார்க்க வேண்டும். அவர்களின் வழக்கு, யாழ்ப்பாணத்திலிருந்தும் வன்னியிலிருந்தும் வந்தோரின் வழக்கிலிருந்து வேறானது.