அகார் தட்டில் தெரியும் வளையம்



2010 ஆகஸ்டில் லான்செட் தொற்றுநோய் இதழில் ஒரு கட்டுரை வந்தது. அதன் முதல் ஆசிரியர் கார்த்திகேயன் குமாரசாமி, சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் ஆய்வு செய்தவர். கார்பாபெனம் மருந்துகளையே உடைத்துவிடும் என்டிஎம்-1 நொதி கொண்ட கிருமிகளைச் சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37 மாதிரிகளில் கண்டதாக அது சொன்னது. நொதியின் பெயரில் டெல்லி இருந்ததால் எழுந்த சர்ச்சையைத்தான் ஊர் பேசியது. எனக்குக் கவலை தந்தது வேறொரு வரி: அந்தக் கிருமிகளிடம் பெரும்பாலும் எடுபட்டவை இரண்டே மருந்துகள். ஒன்று டைகிசைக்ளின், மற்றது கொலிஸ்டின்.

கொலிஸ்டின் ஒரு பெப்டைடு. மண்ணில் வாழும் பாக்டீரியா ஒன்று சுரப்பது. கிருமியைக் கொல்லும் பெப்டைடுகள் நம் வியர்வையிலும் இருக்கின்றன. 1987இல் மைக்கேல் ஜாஸ்லாஃப் ஆப்பிரிக்கத் தவளையின் தோலிலிருந்து மகைனினைப் பிரித்தெடுத்தார். இவற்றில் பெரும்பாலானவை நேர்மின்சுமை கொண்டவை. பாக்டீரியாவின் மேற்பரப்போ எதிர்மின்சுமை கொண்டது. அதனால் பெப்டைடு போய் ஒட்டுகிறது, சவ்வுக்குள் நுழைந்து அதைக் குலைக்கிறது. நம் செல்களின் வெளிப்புறத்தில் அந்த எதிர்மின்சுமை குறைவு என்பதால் அவை பெரும்பாலும் தப்புகின்றன.

பெரம்பலூரிலும் அரியலூரிலும் இருந்து வந்திருக்கும் பெற்றோர்களே, உங்களில் பலர் மக்காச்சோளம் போடுகிறவர்கள். பெரம்பலூர் மக்காச்சோளம் லாரியேறி நாமக்கல்லில் கோழித்தீவனமாகிறது. நம் நாட்டுப் பண்ணைகள் பலவற்றில், கோழி எடை கூடவேண்டும் என்று தீவனத்தில் கொலிஸ்டினும் கலந்தார்கள். 2019 ஜூலையில்தான் மத்திய அரசு அதைத் தடை செய்தது. அதற்குள், 2015இலேயே, சீனாவில் பன்றிகளிடமும் நோயாளிகளிடமும் எம்சிஆர்-1 என்னும் மரபணு அகப்பட்டுவிட்டது. அந்த மரபணு, கிருமியின் வெளிச்சவ்வில் ஒரு சிறு வேதித்தொகுதியைச் சேர்த்து எதிர்மின்சுமையைக் குறைத்துவிடுகிறது. கொலிஸ்டின் சரியாக ஒட்ட முடிவதில்லை. போதாதற்கு, ஒரு பாக்டீரியாவிடமிருந்து இன்னொன்றுக்கு இந்த மரபணு தாவவும் செய்கிறது.

பட்டம் பெறும் மாணவச் செல்வங்களே, இப்போது உங்கள் ஆய்வகத்துக்கு வருகிறேன். நுண்ணுயிரியல், உயிரித்தொழில்நுட்பம் படித்தவர்கள் வேப்பிலைச் சாற்றில் சில்வர் நைட்ரேட் கலந்து, கரைசல் பழுப்பாக மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வெள்ளி நானோதுகள்களை அகார் தட்டின் குழியில் ஊற்றி, மறுநாள் காலையில் கிருமி வளராத வளையத்தை ஸ்கேலால் அளந்திருப்பீர்கள். அது நல்ல வேலை. ஆனால் அந்த வளையம் இன்னும் மருந்தாகவில்லை. சாறு மட்டும் ஊற்றிய தட்டு எங்கே? சில்வர் நைட்ரேட் மட்டும் ஊற்றியது எங்கே? அதே அளவு துகள் சிவப்பணுக்களை உடைக்கிறதா? இந்தக் கேள்விகளைக் கேட்காத ஆய்வறிக்கையை நான் ஏற்பதில்லை. வெள்ளிக்கும் கிருமிகள் பழகும். தீக்காய வார்டில் வெள்ளியை எதிர்த்த சால்மொனெல்லா பற்றி 1975இலேயே அமெரிக்காவிலிருந்து செய்தி வந்தது.

அதனால்தான் பெப்டைடு, வெள்ளி நானோதுகள் இரண்டையும் சேர்க்கும் ஆய்வில் நான் நம்பிக்கை வைக்கிறேன். தனியாகப் போகும் பெப்டைடை இரத்தத்திலுள்ள நொதிகள் விரைவில் சிதைத்துவிடும். நானோதுகளோடு பிணைத்தால் அது கூடுதல் நேரம் தாங்கக்கூடும். ஒரே இடத்தில் பல பெப்டைடுகள் குவிந்து தாக்கவும் முடியும். சவ்வைப் பெப்டைடும் உள்ளிருக்கும் புரதங்களை வெள்ளி அயனிகளும் ஒருசேரத் தாக்கினால் கிருமி தப்புவது கடினம். வெட்டுக்காயத்துக்கும் சர்க்கரை நோயாளியின் கால் புண்ணுக்கும் மேலே தடவும் களிம்பாகத்தான் இது முதலில் கைகூடும் என்பது என் கணிப்பு. இரத்தத்தில் செலுத்தும் ஊசிமருந்தாக வர நெடுங்காலம் ஆகும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். விலைக்கு வாங்கிய ஆய்வகக் கிருமியை மட்டும் வைத்துச் சோதிப்பதை விடுங்கள். அது நம் ஊர்ப் புண்ணில் இருக்கும் கிருமி இல்லை. அரியலூரில் 2022 ஜனவரி முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. செந்துறையிலிருந்தும் ஜெயங்கொண்டத்திலிருந்தும் நோயாளிகள் வரக்கூடிய இடம் அது. நெறிமுறைக் குழுவின் அனுமதியோடும் உரிய பாதுகாப்போடும் அங்கிருந்து மாதிரிகளைப் பெற்று, இரு மாவட்ட மாணவர்களும் சேர்ந்து சோதிக்கலாம். மேடையிலிருக்கும் துறைத்தலைவர்களே, அடுத்த ஆண்டுத் திட்டப்பணித் தலைப்புகளை முடிவு செய்வதற்கு முன் அந்தக் கல்லூரிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.